சக்கர மூடிக்குள் கிடந்த நட்டு

தோழிகளே, இன்று பள்ளிக்கு வரும்போது தெப்பக்குளத்தருகே சித்தப்பாவின் மோட்டார் காரில் மறுபடியும் கடகடவென்று சத்தம்.

டிரைவர் இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"வண்டி நின்னா சத்தமும் நிக்குது. இன்ஜின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? சக்கரத்தைப் பாருங்கண்ணே" என்றேன்.

"பொட்டப்பிள்ளைக்கு எம்புட்டு வாய்!" என்றார் சித்தப்பா. பள்ளிக்குப் போக நான் இதில் ஏறத் தொடங்கியதிலிருந்துதான் வண்டிக்குக் கண் பட்டதாம். நான்கு சக்கரங்களுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். வண்டி நகர்ந்ததும் அதே சத்தம்.

கடைசியில் டிரைவர் சக்கர மூடியைக் கழற்றினார். கழன்ற நட்டு ஒன்று உள்ளே உருண்டது. அதை முடுக்கியதும் சத்தம் போயிற்று.

"பாத்தியா, பழம் வேலை செஞ்சிருச்சு! நாளையிலிருந்து நீ இதுல ஏற வேணாம்த்தா, திரும்பக் கண்ணு பட்டுரும்" என்றார் சித்தப்பா.

நடந்து வர வீட்டில் விடமாட்டார்கள். உங்களில் யாருடைய வில்வண்டியிலாவது இடமிருக்கிறதா? எந்தச் சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன்.