ஒரு பெட்டி, இரண்டு சிஸ்டம், மூன்று நிமிஷம்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் குடிவைப்பது என் பிழைப்பு. இரண்டுக்கும் சண்டை வந்தால் ஏச்சு வாங்குவதும் நான்தான். பென் டிரைவும் ஸ்க்ரூடிரைவருமாக அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

தாராவியில், தோல் பைக் கடைக்கும் இட்லி மாவுக் கடைக்கும் நடுவில் என் கடை. வாசலில் நின்று என்னையே பார்த்து, "ரிப்பேர் பண்ணுறவர் எங்கம்மா?" என்று கேட்காதவர் குறைவு. நான் எழுந்திருப்பதில்லை. "உங்க முன்னாலதான் உக்காந்திருக்காரு" என்பேன். திரும்பிப் போகிறவர்கள் போகட்டும்.

தொடவே மாட்டேன்

செம்பூர் ராமன் சார் ரிட்டயரானவர். ஈமெயிலும் பேப்பரும் படிப்பதோடு சரி. அவருடைய கிழட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸையும் போடச் சொன்னது அவர் மகள். சாருக்கு இஷ்டமில்லை. "ஓசியில வர்ற சாமான் எப்படிம்மா நன்னா இருக்கும்? போட்டுக்கோ, நான் தொடவே மாட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த சிஸ்டம் வேண்டும் என்று பத்து விநாடி கேட்கும். ஒன்றையும் அழுத்தாவிட்டால் தானாக லினக்ஸ் திறக்கும்படி வைத்தேன். பழைய முருகன் படத்தையே திரையில் போட்டேன். ஐகான்களையும் பழைய இடத்திலேயே அடுக்கினேன். எட்டு மாதம் கழித்து பிரிண்டர் மாட்டக் கூப்பிட்டவர், "விண்டோஸை என்னமா சுத்தம் பண்ணியிருக்கே! பறக்கறது" என்றார். உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது:

"அப்போ அந்தப் பழசை எடுத்துடும்மா, எதுக்கு வீணா இடத்தை அடைச்சுண்டு?"

மாடிப்படியில் மாப்பிள்ளை

இது என் தப்பு. மறைக்க மாட்டேன்.

மாட்டுங்கா மாமி வீட்டுக் கம்ப்யூட்டரில், விண்டோஸ் பக்கம், ஒரு பஞ்சாங்க புரோகிராம் உண்டு. நாளுக்கு நாள் மாறும் ஆகாத நேரம் தொடங்கியதும் மணி அடிக்கும். மணி அடித்தால் மாமி வாசற்கதவைத் திறக்க மாட்டார். மகள் ரம்யாவுக்காக நான் லினக்ஸையும் போட்டேன். இரண்டு சிஸ்டமும் கடிகாரத்தை ஒரே மாதிரி படிக்கும்படி வைக்க வேண்டும். அந்த ஒன்றை மறந்துவிட்டேன். ரம்யா லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு எழுந்தால், விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும்.

ரம்யாவைப் பெண் பார்க்க, தாணேயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நின்றார்கள். காலை பத்தரைக்கு அடித்திருக்க வேண்டிய மணி அப்போது அடித்தது. மாமி கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தபடியே, "சித்த இருங்கோ" என்றார். அரை மணி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். மறுநாள் ஓடினேன். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைச் சரி செய்ய உட்கார்ந்தபோது ரம்யா என் காதருகே குனிந்தாள்.

"ப்ளீஸ் அக்கா, அது அப்படியே இருக்கட்டும். அடுத்த வாரம் இன்னொருத்தர் வர்றா."

ஆனாலும் சரி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கிலோ கணக்கு

மாமி குடியிருக்கும் கட்டடத்துக்குப் பூக் கொடுப்பவர் அருணாசலம் அண்ணாச்சி. எங்கள் தெருப் படிப்பகத்தின் செயலாளரும் அவர்தான். பிறகென்ன, கதை எனக்கு முன்னால் தாராவிக்கு வந்துவிட்டது.

படிப்பகத்துக்கு ஓர் ஆபீஸ் பத்துப் பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருந்தது. விண்டோஸ் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதை எடுக்கவும் முடியாது. புத்தகப் பட்டியல் புரோகிராம் அதில்தான் ஓடும். பக்கத்தில் லினக்ஸைப் போட்டால் பிள்ளைகள் படிக்கலாம் என்றேன். அண்ணாச்சி கையை விரித்தார். "நீ மாமி வீட்டுக் கல்யாணத்தையே கலைச்சவல்லா? ஞாயித்துக்கிழம பழைய சாமான் எடுக்குற பங்கார் முருகேசன் வாரான். பத்தையும் எடைக்குப் போட்டிருவோம்."

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத நான் தொழில் கற்றது இப்படிக் கழித்துப்போட்ட ஒன்றில்தான். அதை எடைக்குப் போட்டிருந்தால் நான் இன்று எங்கே இருப்பேன்? "ஓடலன்னா பத்தோட என்னையும் சேத்து எட போடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தன் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் மணி சரியா இருக்கணும். நான் இத வச்சுத்தான் பாப்பேன், சொல்லிட்டேன்."

ஞாயிறு பதினொரு மணி

மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுப் படிப்பகத்தில் கிடந்தேன். ஒன்றில் ஹார்டு டிஸ்க் செத்திருந்தது. அதன் மெமரியைக் கழற்றி, திணறிய இன்னொன்றுக்குப் போட்டேன். ஒன்பதும் ஓடின. இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன்.

முருகேசன் தராசோடு வந்து வாசலில் நின்றார். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். லினக்ஸ், பிறகு விண்டோஸ், பிறகு தன் வாட்ச். ஒன்பதாவதும் முடிந்ததும் நிமிர்ந்தார். "அவ்வளவும் மூணு நிமிசம் தப்பும்மா. ஏத்துடா முருகேசா."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் இறங்கவில்லை. "ஒம்பதும் சேந்து பொய் சொல்லுது, உங்க வாட்ச் ஒண்ணுதான் உண்ம சொல்லுதா? ஒரு கம்ப்யூட்டரும் இந்த வாசலத் தாண்டாது!" என்று குறுக்கே நின்றேன். முருகேசன் தன் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்பது கம்ப்யூட்டரும் போனால் அவருக்குத்தான் லாபம். இருந்தும் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, எடைக்குப் போடணும்னா உங்க வாட்சக் கழத்திக் குடுங்க, அதான் பின்னால ஓடுது."

ஒன்பது கம்ப்யூட்டரும் இன்றுவரை இரண்டு பக்கமும் சரியான மணி காட்டுகின்றன. படிப்பகத்தை மூன்று நிமிஷம் தாமதமாகத் திறக்கும் வாட்ச்சுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.