வண்டி போகாத பாதை

பாபநாசத்துக்கு மேலே மேல் அணைக்குப் போகும் பழைய பாதையில் எந்த வண்டியும் போக முடியாது. அணை கட்டிய காலத்தில் போட்ட பாதை அது. பேருந்துக்குப் புதுச் சாலை வந்தபின் அதைக் கேட்பாரில்லை. இரண்டு பாலங்கள் ஆட்டம் கண்டதும் முகப்பில் ஒரு சங்கிலியைக் கட்டிப் பூட்டிவிட்டார்கள். இப்போது சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டும்தான் அனுமதி. பதினான்கு கிலோமீட்டர், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தில் தாமிரபரணி. ஹாரன் கிடையாது, புகை கிடையாது. அதற்காகவே மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். தலைக்கவசமும் தொடையைப் பிடிக்கும் கால்சட்டையும் போட்டிருப்பார்கள். அவர்கள் கொண்டுவரும் சைக்கிள் ஒன்றை விற்றால் இரண்டு கறவை மாடு வாங்கலாம்.

கரடி நடமாட்டம் உள்ள இடம், சில மாதங்களில் யானையும் வரும். அதனால் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. வனக்குழு சார்பில் ஒரு துணை ஆள் தானும் சைக்கிளில் கூடப் போவார். அந்த வேலையில் இருந்த மூன்று பேரில் மூத்தவர் சத்தியநேசன். வயது ஐம்பத்து நான்கு. முப்பதடி முன்னால் போவார், நிற்பார், பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் மறுபடி போவார். மற்ற இருவரும் மரத்தைக் காட்டிக் கதை சொல்வார்கள், குரங்கைக் காட்டிச் சிரிக்க வைப்பார்கள். இவர், "இங்கன பாசி வழுக்கும், பைய வாங்க" என்பதைத் தவிர வேறு பேசினதாக யாருக்கும் நினைவில்லை. வருகிற ஆட்களுக்கு அது பிடித்திருந்தது. அமைதியைத் தேடி வந்தவர்களுக்கு வாய்த்த ஆள் அப்படி.

இதே சத்தியநேசன்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரரை வேனில் அடித்தவர். அது அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பாவத்தைத் தொலைக்கத்தான் இந்த வேலை பார்க்கிறார் என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிவிட்டார்கள். நம் ஜனத்துக்கு எதற்கும் ஒரு பரிகாரம் இருந்தாக வேண்டும். அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. இந்தப் பாதையில் அவர் ஓட்டுவதற்கு வண்டி கிடையாது, மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அவ்வளவுதான்.

முன்பு பாளையங்கோட்டையில் ஒரு ஆலையின் ஊழியர் வேனை இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். ஒரு கோழியைக்கூட அடித்தது கிடையாது. அன்று நாங்குநேரிக்கு ஆள் ஏற்றுவதற்காக நாற்கரச் சாலையில் காலி வேனோடு போய்க்கொண்டிருந்தார். அதிகாலை ஐந்து இருபது. முன்னால் ஓரமாக ஒரு சைக்கிள், பின்னால் சிவப்பு விளக்கு மினுங்க, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரப் புதருக்குள்ளிருந்து ஒரு நாய் பாய்ந்தது. நாய்க்கு விலகிய சைக்கிள் வேனுக்கு முன்னால் வந்துவிட்டது. மோதி, சறுக்கி, வேன் நின்றபோது சைக்கிள்காரர் பத்தடி முன்னால் விளக்கு வெளிச்சத்தில் கிடந்தார்.

செத்துப்போனது யாரென்று மறுநாள்தான் தெரிந்தது. சத்தியநேசன் குடும்பம் போகும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பையன்தான். ஜோஷுவா, முப்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி மூன்று வருடம். மனைவி ஸ்வீட்லினும் ஆசிரியை.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. வேகமாகப் போகவில்லை, குடித்திருக்கவில்லை, நாய் குறுக்கே வந்ததைப் பெட்ரோல் பங்கின் கேமரா காட்டிவிட்டது. வேன் சறுக்கிப் போய் நின்ற இடம் அதில் விழவில்லை. ஆனாலும் வக்கீல் ஒன்று சொல்லிக்கொடுத்தார். உடனே இறங்கி ஓடினேன், தலையை மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், நீதிபதிக்கு மனசு இளகும் என்றார். சத்தியநேசன் கோயிலில் வேதபாடம் வாசிப்பது போல் ஏற்ற இறக்கமில்லாமல் அதைச் சொன்னார். விடுதலை கிடைத்தது.

அதற்கடுத்த ஞாயிறுதான் ஜெபராணி அந்தக் காரியத்தைச் செய்தாள். சத்தியநேசனின் மனைவி, வெள்ளை மனசு, யோசனை கொஞ்சம் பின்னால் வரும். அவர்கள் சபையில் மகன் பரீட்சையில் தேறினால் ஸ்தோத்திரக் காணிக்கை, மருமகனுக்கு விசா கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை, பித்தப்பைக் கல் வெளியே வந்தாலும் ஸ்தோத்திரக் காணிக்கை. கவரின் மேல் பெயரும் காரணமும் எழுதிப் பெட்டியில் போட்டால் குருவானவர் ஆராதனையில் ஒவ்வொன்றாக வாசிப்பார். "வழக்கிலிருந்து பூரண விடுதலை தந்த தேவனுக்கு நன்றியாக, சத்தியநேசன் ஜெபராணி குடும்பத்தார்" என்று அவர் வாசித்தபோது, நாலாவது வரிசையில் வெள்ளைச் சேலையில் ஸ்வீட்லின் உட்கார்ந்திருந்தாள். சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித் திரும்பாமல் இருப்பதற்கு எல்லோரும் பட்ட பாடுதான் பெரிதாக இருந்தது.

ஜெபராணிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அழுதாள். இனி அந்தக் கோயில் வாசலை எப்படி மிதிப்பேன் என்று பெட்டியைக் கட்டி, விக்கிரமசிங்கபுரத்தில் பூட்டிக் கிடந்த தன் அப்பா வீட்டுக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சத்தியநேசனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்தே அப்படித்தான். குழம்பில் உப்பில்லாவிட்டாலும் சாப்பிடுவார், இருமடங்கு உப்பிருந்தாலும் சாப்பிடுவார். ஜெபராணி ஒரு நாள் வேண்டுமென்றே அள்ளிப் போட்டுப் பார்த்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சங்கிலிக்குப் பக்கத்துக் கொட்டகையில் சத்தியநேசன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். காவலர் முப்பிடாதி அனுமதிச் சீட்டோடு வந்து, "இன்னைக்கு ஒரே ஆளுதான் வே. பொம்பள ஆளு, டீச்சராம். ஒம்மையே அனுப்பச் சொல்லுதாவ" என்றான். சத்தியநேசன் நிமிர்ந்தார். ஸ்வீட்லின் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கொண்டுவந்திருந்தது ஜோஷுவாவின் சைக்கிள். முன்சக்கரமும் அதைத் தாங்கும் கவையும் புதிது, நிறம் ஒட்டவில்லை. சைக்கிளின் சட்டக் கம்பியில் போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிய வழக்கு எண் அப்படியே இருந்தது. அந்த எண் சத்தியநேசனுக்கு மனப்பாடம். பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வேறு துணை ஆளை அனுப்பச் சொல்லலாமே என்பதுகூடத் தோன்றவில்லை. சங்கிலியைத் தூக்கிப் பிடித்து அவளை உள்ளே விட்டார்.

அவளுக்கு ஓட்டிப் பழக்கம் போதாது. இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினாள். அவர் முப்பதடி முன்னால் நின்று காத்திருந்தார். மரங்களுக்கு மேலே பனி இன்னும் விலகவில்லை. எங்கோ கருமந்தி கத்தியது. முதல் பாலத்தில் மூச்சு வாங்க நின்றவள், இந்தப் பாதையில் போக வேண்டும் என்பது ஜோஷுவாவின் ஆசை என்று சொன்னாள். அனுமதிகூட வாங்கியிருந்தாராம். ஏற்றத்துக்குக் கால் பழக வேண்டும் என்றுதான் தினமும் விடியுமுன் நாற்கரச் சாலைக்குப் போனாராம். சத்தியநேசன் தலையசைத்தார். பாலத்தின் இடப்பக்கம் கம்பி இல்லை, நடுவில் வாருங்கள் என்றார்.

உச்சிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அணையின் தண்ணீர் தெரிகிற இடத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு உண்டு. அவள் டிபன் பாத்திரத்தைத் திறந்து, பொடி தடவிய இட்லியை மூடியில் வைத்து அவருக்கு நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் சாப்பிடவில்லை.

"கோயில்ல அன்னைக்கு வாசிச்சப்போ உங்க ரெண்டு பேரையும் சபிச்சேன் அண்ணாச்சி" என்றாள். "அத மறைக்க மாட்டேன். பொறவு இன்சூரன்ஸுக்காகத் தீர்ப்பு நகல் வாங்குனேன். அதுலதான் வாசிச்சேன், நீங்க அவங்க தலைய மடியில வச்சுத் தண்ணி குடுத்தீங்கன்னு. கடைசியில பக்கத்துல ஒரு ஆளு இருந்திருக்கு. அது தெரிஞ்சதுக்குப் பொறவுதான் எனக்கு ஒறக்கமே வருது. உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்."

சத்தியநேசன் கையில் இட்லி இருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்குதேன். அவங்க தண்ணி குடிச்சாங்களா?"

குடிச்சாரு என்று ஒரு சொல் சொன்னால் போதும். நல்ல மனசுக்காரன் சொல்லியிருப்பான், கெட்டிக்காரனும் சொல்லியிருப்பான். கூண்டில் ஏறி நாக்குப் பிசகாமல் சொன்ன மனுஷனுக்கு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வது ஒரு வேலையா? அவள் மீதமுள்ள காலத்தை நிம்மதியாகத் தூங்கிக் கழித்திருப்பாள். ஆனால் இரக்கம் இருக்கிறவனுக்குத்தான் பொய் வரும். அவரிடம் அது இல்லை. இருந்ததைத்தான் சொன்னார்.

"நான் எறங்கவே இல்லம்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் முதலிலிருந்து சொன்னார். வேன் நின்றதும் இன்ஜினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. கதவைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது, கை வரவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. முன்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதனால் நேரம் தெரியும், பதினோரு நிமிடம். உவரியிலிருந்து மீன் ஏற்றி வந்த ஒரு வண்டி நின்றது. அந்த ஆட்கள்தான் ஓடிப்போய்த் தூக்கினார்கள். அதற்குள் முடிந்துவிட்டது. மீன் வண்டிக்காரர்கள் சாட்சிக்கு வரவில்லை; மடியும் தண்ணீரும் வக்கீல் சொல்லிக்கொடுத்தது. ஜோஷுவா நடுவில் ஒரு தடவை கையைத் தூக்கினார்.

அவள் டிபன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அவங்க தனியாத்தான் கெடந்திருக்காங்க" என்றாள்.

"ஆமா."

"நீங்க போங்க."

போகக் கூடாது, விதி இருக்கிறது. அவர் எழுந்து, அடுத்த வளைவிலிருந்த மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அவளுடைய முதுகு தெரிந்தது. கையிலிருந்த இட்லியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். எறும்பு வந்தது. வெயில் பெஞ்சுக்கு வந்து, பெஞ்சைத் தாண்டியும் போனது. ஒரு தடவை அவளுடைய தோள் குலுங்கியது போலிருந்தது, அந்தத் தூரத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அவள் ஓடையில் பாத்திரத்தைக் கழுவி, பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

இறக்கத்தில் அவளை முன்னால் விட்டு இவர் பின்னால் வந்தார். பாசி வழுக்கும் இடத்திலும் எதுவும் சொல்லவில்லை. அவளே பிரேக்கைப் பிடித்துப் பைய இறங்கினாள். வண்டிகள் இல்லாத பாதையில் இரண்டு சைக்கிள்களின் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தது.

முகப்பில் முப்பிடாதி நோட்டை நீட்ட, அவள் கையெழுத்துப் போட்டாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனவள், ரோட்டோரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல், வகுப்பில் ஒரு கணக்கைச் சரிபார்க்கிற டீச்சரின் குரல்.

"கையத் தூக்குனாங்கன்னு சொன்னீங்கள்லா. எந்தக் கை?"

"இடது கை."

"உங்களப் பாத்தா?"

வக்கீல் இதைக் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, ஜெபராணியும் கேட்கவில்லை. சத்தியநேசனே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"என்னப் பாத்துத்தாம்மா" என்றார்.

அவள் அதை வாங்கிக்கொண்டது போல் தலையை அசைத்துவிட்டுப் போனாள். பேருந்து நிறுத்தத்து ஆட்கள் அந்தச் சைக்கிளை மேலே ஏற்றிக் கட்டுவது கொட்டகையிலிருந்து தெரிந்தது.

திரும்பிய நேரத்தை நோட்டில் எழுத வேண்டியது துணை ஆளின் பொறுப்பு. சத்தியநேசன் பேனாவை எடுத்தார். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கம். பிறந்த மேனியாகக் கடைத்தெருவில் நிற்பது போல அப்படி ஒரு வெட்கம். இரண்டு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காதது மொத்தமாக வந்து பிடித்துக்கொண்டது. முப்பிடாதி, "என்ன வே, வெயிலு தாங்கலியா?" என்று கேட்டான். கொட்டகைக்குப் பின்னால் போய், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் வந்தாலும் வரட்டும் என்று அழுதார்.