அமலி பெயரில் ஒரு புங்கன்

பெண்டாட்டி செத்ததற்கு அழாத மனுசன் என்று ஞானாபரணத்தைப் பற்றித் தெருவில் நாலு பேர் பேசினார்கள். நாலு பேருக்கு வேறு வேலை என்ன? அவருக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். யாராவது விசாரித்தால் "இருக்கேனுங்க" என்பார். அதற்குமேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை.

கோயமுத்தூர் மில்லில் முப்பது வருசம் உழைத்தவர், மில் மூடியபின் குளக்கரையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையில் சேர்ந்தார். நொய்யலில் வெள்ளம் வந்தால் குளம் வாங்கிக்கொள்ள வேண்டும், வெயில் ஏறினால் கரைமரங்கள் ஊரைக் குளிர்விக்க வேண்டும் என்பது திட்டம். மரம் வந்த பிறகல்லவா நிழல்? அதுவரை ஞானாபரணமும் ஒரு ரப்பர் குழாயும்தான். இருநூற்றுச் சொச்சம் செடிகள். எது புங்கன், எது பூவரசு என்று கண்ணை மூடித் தொட்டே சொல்லிவிடுவார்.

போன கல்லறைத் திருநாளில் பங்குக் கோயில்காரர்கள் இறந்தவர்கள் பெயரால் அங்கே ஆளுக்கொரு செடி நட்டார்கள். மனைவி அமலியின் பெயரில் ஒரு புங்கன். மகன் ஜெஃபின் சென்னையிலிருந்து வந்து கூடச் சேர்ந்து நட்டான். பட்டுப்போன செடியைச் சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டு, அதே உயரத்தில் வேறொன்றை வைத்துப் பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிடுவது குளக்கரை வழக்கம். ஞானாபரணமே பத்துப் பதினைந்து மாற்றியிருக்கிறார். வருகிறவர்கள் பாவம், பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள்.

இந்த வருசத் திருநாளுக்கு ஜெஃபின் மெழுகுவர்த்தியோடு வந்தான். பலகையைப் படித்தான். செடியைப் பார்த்தான்.

"அப்பா, நாம நட்டது புங்கனுங்களே. இது பூவரசுங்க."

ஞானாபரணம் குனிந்து பார்த்தார். பூவரசுதான்.

பக்கத்தில் நின்ற குளக்கரை மேஸ்திரி நஞ்சுண்டன் தலையைச் சொறிந்தார். "ஏப்ரல்ல நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப காஞ்சுபோச்சுங்கண்ணா. நாந்தான் மாத்திப்போட்டேன். புங்கன் கைல இல்லீங்க. நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கவே இல்லீங்க."

ஆறு மாதத்துக்கு மேல். தினம் இரண்டு வேளை அதன் முன்னால் நின்றுதான் குழாயைப் பிடித்திருக்கிறார்.

ஜெஃபின் மெழுகுவர்த்தியை ஏற்றவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அம்மா எளைச்சுட்டே வந்ததும் உங்களுக்குத் தெரியலீங்களேப்பா. டாக்டர் சொல்லித்தானுங்களே தெரிஞ்சுது."

மூன்று வேளையும் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். துக்கம் இப்போதும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அமலியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். பெயர்தான் வந்தது.