அணைக்கக் கூடாத ஏழு விளக்குகள்

எங்கள் சர்வே ஆபீசுக்குப் பம்பாயிலிருந்து வந்த மேலதிகாரியின் பெயர் பைபிளில் வரும் பெயர். ஆகவே அவர் கிறிஸ்தவர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது அந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காத காரியம். சனிக்கிழமைகளில் அவர் சித்தூர் ஆபீசுக்கு வர மாட்டார். அதற்கும், அவர் குடியிருந்த திருப்பதியில் ஏதோ கேம்ப் இருக்கும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம் அது. சித்தூர் ஆந்திராப் பக்கமே நிற்கும், திருத்தணி தாலுகா சென்னைப் பக்கம் போகும் என்று தீர்மானமாகிவிட்டது. நான் சர்வே வரைபடம் வரைகிறவன். சித்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். என் மனைவி பொதட்டூர்பேட்டையில் பள்ளிக்கூட ஆசிரியை. கைக்குழந்தையோடு அங்கே இருந்தாள். அந்த ஊரும் அந்தப் பக்கம் போகிற ஊர்தான். எனக்கும் அந்தப் பக்கம் வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அதற்காக மனு எழுதி வைத்திருந்தேன். அதில் மேலதிகாரி சிபாரிசாக ஒரு வரி எழுத வேண்டும். திங்கட்கிழமையோடு கலெக்டர் ஆபீசில், யார் எந்தப் பக்கம் என்கிற லிஸ்ட் முடிந்துவிடும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தது. பண்டிகை நாளில் அதிகாரியை மாலை, எலுமிச்சம்பழத்தோடு போய்ப் பார்ப்பது ஆபீஸ் வழக்கம். நான் ஒரு படி மேலே போய்க் கேக்கும் வாங்கினேன். ரோஸ் நிறச் சர்க்கரையில் ஏசுவின் பிறப்பை வாழ்த்தி எழுதிய கேக். மொட்டை போடப் போகிற ஒரு குடும்பத்தின் நடுவில் அதை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் போனேன்.

பொழுது இறங்குகிற நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் ஏழெட்டுப் பேர் வெள்ளை உடுப்பில் நின்றிருந்தார்கள். ஆண்கள் தலையில் குல்லாய். நான் நேராகப் போய் மேலதிகாரிக்கு மாலை போட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லி, கேக்கைத் திறந்து காட்டினேன்.

"ரொம்ப நன்றி," என்றார் அவர் இங்கிலீஷில். "நாங்கள் யூதர்கள். இன்று லீவு என்பதால் ரேணிகுண்டாவிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். எங்களுக்கும் இன்றைக்கு வேறு ஒரு பண்டிகை ஆரம்பம்."

மானமுள்ளவன் அப்போதே திரும்பியிருப்பான். எனக்கு மனு இருந்தது. அவருடைய மனைவி என்னை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு எல்லோரும் பிரார்த்தனைக்காக உள்ளறைக்குப் போனார்கள். மாலையைக் கழற்ற மறந்து அவரும் போனார்.

ஜன்னலோரச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருந்தது. அதில் வரிசையாக எட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள். எட்டிலும் எண்ணெய், எட்டிலும் திரி. எரிந்தது ஒன்றுதான். மேலே தனியாக ஒரு சின்ன விளக்கும் எரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது; காற்றில் அணைந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை அந்தியில் ஏழு விளக்கு அணைந்து கிடக்க, சும்மா உட்கார்ந்து டீ குடிக்க என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். தீப்பெட்டி எடுத்து ஏழையும் ஏற்றினேன். கேக் கெடுத்ததை இது சரிக்கட்டிவிடும் என்று பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

டீ கிளாஸ் எடுக்க வந்த ஆபீஸ் பியூன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் புத்தூர்ப் பக்கத்து ஆள். "இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க? தெனத்துக்கு ஒண்ணுதான் சார் ஏத்துவாங்கோ. எட்டு நாளிக்கு எட்டு. திரி போட்டு வெச்சதே நான்தான்."

அதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் விரல் நீட்டி விளக்குகளை எண்ணினார். எண்ணி முடித்து இன்னொரு முறை எண்ணினார்.

"அணைத்துவிடட்டுமா, சார்?" என்றேன்.

"அணைக்கக் கூடாது," என்றார் மேலதிகாரியின் மனைவி. "வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கிவிட்டால் நாளை சாயங்காலம் வரை நாங்கள் நெருப்பு ஏற்றவும் மாட்டோம், அணைக்கவும் மாட்டோம்." எட்டு நாள் பண்டிகை முழுவதும் ஒரே வரிசையில் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நன்றாகத் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் மேலதிகாரியிடம் மனுவை நீட்டினேன். இனி எப்போது நீட்டுவது? அவர் அதைத் தொடவில்லை. "மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள். இன்று எழுத மாட்டேன்," என்றார்.

அந்த அம்மாள் நெருப்பைத்தான் சொன்னார். பேனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சித்தூர் திரும்பும் வழியெல்லாம் கோபம். விளக்கேற்றியது ஒரு குற்றமா? சிபாரிசு இல்லாத மனு ஃபைலில் இருந்தால் என்னைப் பிடித்து ஆந்திராவின் வடகோடி, ஸ்ரீகாகுளத்துக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை காலையில் ஹெட் கிளார்க்கிடம் வேறொரு கடிதம் கொடுத்தேன்: 'ஆந்திராவிலேயே இருக்கச் சம்மதம், சித்தூரில் வைத்தால் போதும்.' எந்தக் காகிதத்தையும் ஒரு வாரம் ஊறவைக்கிற மனிதர், அன்று மத்தியானமே கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பியூன் வந்தான். என் மனு கையில் இருந்தது. ஒரு வரி அல்ல, அரைப் பக்கம் சிபாரிசு, கீழே கையெழுத்து. "நேத்து பொழுது போனதும் மொத வேலையா இதத்தான் சார் எழுதனாரு. அதுவரிக்கும் பேனா தொட மாட்டாங்கோ," என்றான்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு ஓடினேன். லிஸ்டில் என் பெயர் ஆந்திராவில் ஏறியிருந்தது. ஆதாரம் என் கைப்பட எழுதிய கடிதம். ஆபீசுக்குத் திரும்பியதும் மேலதிகாரி அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு நாள் பொறுத்திருக்கலாம்," என்றார்.

எல்லை பிரிந்தது. நான் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டை போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். பல வருஷம் அப்படித்தான் ஓடியது. என் மகள் முதல் அடி வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பார்த்தது சனிக்கிழமை. அதற்குள் அவள் வாசல் வரை போய்வரப் பழகியிருந்தாள்.

"சனிக்கெழம வரிக்கும் பொறுத்துக்கினு இருடின்னு சொன்னேன், கேக்கல," என்றாள் என் மனைவி. "உங்கள மாதிரியே."