முன்வரிசையை எழுப்பியவள்

அந்த வட்டாரத்தில் எந்த விழா நடந்தாலும் முதலில் வந்து சேர்கிறவனும் கடைசியில் கிளம்புகிறவனும் ஒரே ஆள்தான். அவன் சொந்தப் பெயர் அவன் அடையாள அட்டைக்குத்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவன் நாற்காலிக்காரன். பூக்கண்காட்சியோ, நூலக ஆண்டு விழாவோ, தெரு விளையாட்டுப் போட்டியோ, அவனுடைய சின்ன லாரி வந்து நின்றால்தான் மைதானத்துக்கே களை வரும். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், மடக்கு மேசைகள், ஒரு மைக் செட். அத்தனை பேருக்கும் உட்கார இடம் போட்டுவிட்டு, விழா முடியும்வரை லாரியில் சாய்ந்து நின்றுகொண்டே இருப்பான்.

அவனுக்கு ஒரே மகள், நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருக்கும் வயது. தெருவில் அவளுக்கு 'சைரன்' என்று பெயர். சும்மா வைத்துவிடவில்லை. வீட்டில் இருக்கும்வரை வெல்லக்கட்டி. வெளியே நாலு பேர் சேர்ந்து கை தட்டினால் போதும், உதடு பிதுங்கும், மூக்கு விடைக்கும், அப்புறம் ஊரே கூடிவிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, பெற்றவனுக்கு அதிலும் பெருமைதான். "தொண்டையப் பாத்தீங்களா? அப்படியே அவ அம்மா" என்பான்.

அம்மாவின் தொண்டை நிஜமாகவே பேர்போனது. பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், மேடை ஏறிவிட்டால் வேறு ஆள். தானே மெட்டுக் கட்டிப் பாடுவாள். கல்யாணத்துக்கு முன்னால், நாற்காலி போட வந்தவன் நாற்காலியை மறந்து நின்று கேட்டது அந்தக் குரலைத்தான். குழந்தை பிறந்த பிறகு இரண்டு முறை மேடை ஏறினாள், இரண்டு முறையும் பாதியில் இறங்கினாள். இரண்டாவது முறை நூலக விழாவில். அவள் வாயைத் திறந்ததும் மகளும் திறந்தாள். யார் பாடுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்றே தெரியாமல் போனது. அவள் மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு இறங்கி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை அந்த நொடியே வாயை மூடிக்கொண்டது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர்தான். நல்லபடியாகத்தான் சொன்னார்: "குழந்தை கொஞ்சம் வளரட்டும்மா. பாட்டு எங்க ஓடிப்போகப் போகுது?"

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து சமையலறையில்கூட அவள் பாட்டு முணுமுணுப்பது நின்றுபோனது. குக்கர் விசில் மட்டும்தான் கேட்டது. நாற்காலிக்காரனுக்கு அதுதான் தாங்கவில்லை. மகள் அழுதால் அவனுக்குக் காது வலிக்கும், அவ்வளவுதான். மனைவி பாடாமல் இருந்தால் நெஞ்சு வலித்தது.

குழந்தையை அவன் அக்கா வீட்டில் விட்டுப் பார்த்தார்கள். அரை மணி ஆகவில்லை, அக்காவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "தம்பி, உன் சொத்து உன்கிட்டயே இருக்கட்டும்டா" என்று கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவன் யோசித்தான். இவளுக்கு எதைக் கண்டு பயம்? மைதானத்தைக் கண்டா? இல்லை. மேடையைக் கண்டா? அதுவும் இல்லை. எல்லாம் ஒரேயடியாக வந்து மேலே விழுகிறதே, அதுதான் பயம். சரி, விழாவை நானே பிரித்துப் பிரித்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தான்.

அதற்கப்புறம் விடுமுறை நாள் காலைகளில் லாரியில் மகளுக்கும் ஓர் இருக்கை வந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால் அவளை இறக்கிவிடுவான். காலி மைதானம், காலி மேடை. மைக்கில் அப்பா "ஹலோ, ஹலோ" என்றால் அவளும் "அல்லோ" என்பாள். கொடித் தோரணத்தை இழுத்துப் பார்ப்பாள், ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்ப்பாள். கூட்டம் சேரும் நேரத்துக்கு லாரிக்குள் போய்விடுவார்கள். கண்ணாடி வழியாக வேடிக்கை. எல்லாரும் போனதும் மறுபடி இறங்கி, நாற்காலி அடுக்கும் வேலை. நாற்காலிக்காரனுக்கு நாற்காலிகளோடு பேசும் பழக்கம் உண்டு. போடும்போது ஒவ்வொன்றாகத் தட்டி "உக்காரு" என்பான், எடுக்கும்போது "எந்திரி, எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்பான். மகளுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. அவன் அடுக்குவதற்கு முன்னால் ஓடி ஓடி எல்லா நாற்காலியையும் தட்டி எழுப்புவாள்.

கொஞ்ச நாள் கழித்து மனைவியிடம் ஒரு பொய் சொன்னான். "மைக்ல ஏதோ கரகரங்குது. கடையிலேருந்து வர்ற வழியில ரெண்டு வரி பாடிக் காட்டேன், சரி பண்ணிடறேன்."

"மைக்குக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்றாள். ஆனாலும் வந்தாள். விழா கலைந்த பிறகு காலி மேடையில் நின்று பாடினாள். கீழே அப்பாவும் மகளும் நாற்காலி அடுக்கினார்கள். குழந்தை அழவே இல்லை. அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். வீட்டுச் சமையலறையிலும் பழையபடி சத்தம் திரும்பியது.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. நாற்காலிக்காரன் செயலாளரிடம் போய் நின்றான். "அண்ணே, ஒரே ஒரு பாட்டு."

"குழந்தை?"

"அது என் பொறுப்புண்ணே."

மேடை ஏறும் முன் மனைவி அவன் காதோரம் சொன்னாள்: "இந்த வாட்டியும் பாதியில இறங்கினா, இனிமே என்னைக் கேக்காதீங்க. சத்தியமா ஏற மாட்டேன்." அவன் மகளைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனான்.

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் நாற்காலியிலேயே தான் உட்கார்ந்தான், முன்வரிசை ஓரத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு. மைதானம் நிறைந்திருந்தது. கூட்டம் கை தட்டியது. குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிதுங்கவில்லை. மேடையில் அம்மா பாட ஆரம்பித்தாள். மகளின் முகம் மலர்ந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். நேராகப் பக்கத்திலிருந்த செயலாளரிடம் போனாள். அவர் நாற்காலிக் கையைத் தட்டினாள்.

"எந்திரி!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வாரா வாரம் நாற்காலிக்காரன்தானே பழக்கினான்? அம்மா பாடினால் நாற்காலிகள் எழுந்திருக்க வேண்டும். குழந்தைக்குத் தெரிந்த விழா அதுதான்.

செயலாளர் சிரித்துக்கொண்டே பாதி எழுந்தார். "எந்திரி, எந்திரி!" என்று மறுபடி அதட்டல். முழுசாக எழுந்துவிட்டார். அடுத்தவர், அதற்கடுத்தவர். அவ்வளவு சின்ன முதலாளியம்மாவை மீற யாருக்கும் மனம் வரவில்லை. முன்வரிசை நின்றால் பின்வரிசைக்கு எப்படி மேடை தெரியும்? அவர்களும் எழுந்தார்கள். அலையலையாக மைதானமே எழுந்து நின்றது.

மேடையில் அவள் பார்த்தது எல்லாரும் எழுந்திருப்பதை மட்டும்தான். கூட்டம் எழுந்தால் கிளம்புகிறது என்றுதானே அர்த்தம்? குரல் ஒரு கணம் தடுக்கியது. மைக்கைப் பிடித்த கை கீழே இறங்கியது. கண்கள் கணவனைத் தேடின.

ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கலாம். தூக்கினால் சைரன் ஊதும், பாட்டு அதோடு சரி. நாற்காலிக்காரன் எழுந்தான். தன் நாற்காலியை எடுத்தான். அதைச் செயலாளரின் நாற்காலிமேல் நிதானமாக அடுக்கினான். அடுத்ததை எடுத்தான். மகள் முன்னால் ஓடித் தட்டினாள், அவன் பின்னால் அடுக்கினான். ஒவ்வொரு வாரமும் மாதிரியே.

மேடையில் நின்றவளுக்குப் புரிந்துவிட்டது. பாட்டின் நடுவிலேயே சிரிப்பு வந்தது. அதையும் மெட்டுக்குள் சேர்த்துக்கொண்டு மேலே போனாள். குழந்தை பிறந்த பிறகு எந்த விழாவிலும் எட்டாத அந்த இரண்டாம் பாதிக்குள் நுழைந்தாள். அங்கே போனதும் அவள் குரல் அப்படியே திறந்துகொண்டது. நின்றவர்கள் நின்றபடியே கேட்டார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், யாரும் சொல்லாமலே, தன் பங்குக்கு ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கிலே வைத்தார்.

கடைசி வரி முடிந்தது. கைதட்டல் வெடித்தது. குழந்தை நாற்காலி அடுக்கில் சாய்ந்து நின்று, தன் வேலைக்குத்தான் பாராட்டு என்று தானும் தட்டினாள். நாற்காலிக்காரனுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதான். குடும்பத்தில் யாராவது ஒருத்தர் அழவேண்டாமா?

மேடையிலிருந்து அவள் இறங்கவில்லை. மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"இன்னொண்ணு பாடட்டுமா? உங்களுக்கு உக்கார நாற்காலி இல்லையே."

"நீ பாடும்மா" என்றார் செயலாளர். "நாங்க நின்னுக்கிறோம்."