சந்தனம் வைத்த லேப்டாப்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அதற்கு நெற்றி எது என்று தெரியாமல், சார்ஜர் செருகும் ஓட்டையிலேயே தாராளமாக அப்பிவிட்டேன். மறுநாள் சார்ஜ் ஏறவில்லை.

அன்று விஜயதசமி. என் மனைவி அந்த லேப்டாப் வழியாகத்தான் வெளியூர்க் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறாள். அன்று மாலை இரண்டு புதுக் குழந்தைகளுக்கு முதல் பாடம்.

"ஏன்னா, ஆறு மணிக்குள்ள சரியாகலேன்னா அதுகள் ஏமாந்து போயிடும்" என்றாள்.

தி.நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த மெக்கானிக்கிடம் ஓடினேன். தடித்த கண்ணாடி, பெரிய மீசை. பென்சில் செருகும் காதிடுக்கில் குழந்தைகளின் டூத் பிரஷ். எந்த மெஷின் வந்தாலும் முதலில் அதற்குப் பல் தேய்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

பூஜை, பாட்டு வகுப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. தேய்த்து முடித்து, "காலைல ஒர்த்தரு கீபோர்டு மேல பொரியக் கொட்டிக்கினு வந்தாரு சார்" என்று தேற்றினார்.

சார்ஜ் விளக்கு எரிந்தது. லேப்டாப்புக்கு உயிர் வந்ததும் எனக்கு வாய் வந்தது.

"எட்டு வருஷப் பழசு. புது சாஃப்ட்வேர் எதுவும் ஏறாதாம். ஊரே மாத்தச் சொல்றது. புதுசா ஒண்ணு குடுத்துடுங்களேன்."

விற்பனைக்கு வந்த புது லேப்டாப் பெட்டிகள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"அம்மா பாடுனா பசங்களுக்குக் கேக்குதா?"

"நன்னா கேக்கறது."

"அப்பால இன்னாத்துக்கு சார்?"