கடலை மூட்டை வண்டியும் என் டர்போ காரும்

போன வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு காலை, செஞ்சியில் திண்டிவனம் சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

எனக்குக் கார் பைத்தியம் உண்டு. செல்போன் கடை வைத்துப் பிழைக்கிறேன். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் கார்தான் என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்வாள். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றை மாட்டியிருந்தேன். ஆனால் இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எப்போது என்று சொல்கிற கம்ப்யூட்டர் பழையதாகவே இருந்ததால், வண்டி கரும்புகையைக் கக்கியதே தவிர ஓடவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இதே மாதிரி பெரிய டர்போ போட்ட காரை விற்றுவிட்டு, வேகத்துக்காக உள்ளிருக்கும் கணக்கை மாற்றி எழுதி ‘ரீமேப்’ செய்த அதன் கம்ப்யூட்டரை மட்டும் தனியாக வைத்திருந்தார். அதை வாங்கினேன். பார்சலில் வந்தது, சின்ன டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. ஆசை ஆசையாக மாட்டிச் சாவியைத் திருப்பினால் வண்டி உறுமவே இல்லை. வேறு காரில் இருந்த பெட்டி அல்லவா? என் சாவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. என் காரின் விவரங்களை லேப்டாப் மூலம் அதற்குள் எழுத வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர் அங்கிருந்தபடியே என் லேப்டாப்பை இயக்கித் தருவதாகச் சொன்னார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை கார் பேட்டரி இறங்கக் கூடாது, நடுவில் நின்றால் பெட்டி செத்துவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுத்தான் ஆரம்பித்தோம்.

பாதி தாண்டியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

முதல் நாள் முழுக்க ஸ்டார்ட் செய்து பார்த்ததில் பேட்டரி ஏற்கெனவே நொந்து போயிருந்தது. திரையில் வோல்ட் கண்ணெதிரே இறங்கியது. போனில், இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி பேட்டரியோடு பேட்டரி சேர்க்கச் சொல்லிப் பதறினார் அவர். அதற்கென்று வைத்திருந்த கிளிப் ஒயரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கை காட்டியதற்கு இரண்டு கார்கள் நிற்காமல் போயின. அடுத்து வந்தது கடலை மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை மினி லாரி. அது நின்றது.

ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வல்லம் பக்கத்து விவசாயி. சொந்தக் கடலையைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏலத்துக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான் மூச்சு வாங்கச் சொன்னதில் பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் வண்டியை என் காருக்கு அருகில் கொண்டுவந்து, இன்ஜினை ஓடவிட்டபடி ஒயரைத் தானே மாட்டினார். வோல்ட் ஏறியது. எனக்கு உயிர் வந்தது.

எழுதுகிற வேலை நத்தை மாதிரி நகர்ந்தது. அவர் கிளிப் கழன்றுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

“இது மாட்னா இன்னா ஆவும் தம்பி?” என்று கேட்டார்.

வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்று பெருமையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அவர் மனைவிக்கு உட்கார என் மனைவி நாற்காலி போட்டாள். அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கியபோதுதான் பார்த்தேன், ஒரு கால் மடங்கவே இல்லை. என்ன ஆயிற்று என்று என் மனைவி கேட்டது என் காதில் விழுந்தது.

“நான் ரோட்ட தாண்டிக்கினு இருக்கசொல்ல ஒரு காரு அடிச்சிட்டுப் போயிட்டுதும்மா. இது மாதிரிதான், வேகமாப் போறதுக்குன்னே ரெடி பண்ண வண்டியாம். காலுக்குள்ள கம்பி வச்சிருக்குது.”

அந்த அம்மாவின் குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அதற்குமேல் முடியாமல் அவர் கணவரிடம், நீங்கள் கிளம்புங்கள் அண்ணா, நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் கிளிப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பாதில வுட்டா பொட்டி செத்துடும்னு நீதான சொன்ன? முடி தம்பி.”

முடிந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எழுந்தது. எத்தனையோ நாள் காத்திருந்த சத்தம். அதை ரசிக்க என்னால் முடியவில்லை.

மனசு கேட்காமல் அவர்கள் பின்னாலேயே போனேன். புதுக் கம்ப்யூட்டர் போட்ட என் கார் முதன்முதலாக ஓடியது, மூட்டை வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபடிதான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கமிட்டியில் அன்றைய ஏலத்துக்கு மூட்டை எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். மறுநாள்தான் என்றார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார். மூட்டைக்குக் காவலாக அவர் அங்கேயே தங்க வேண்டும். வீட்டில் மாடு இருப்பதால் அந்த அம்மா திரும்பியாக வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவர் என் காரைப் பார்த்துவிட்டுத் தன் கணவரைப் பார்த்தார்.

“போ. தம்பி பாத்து வுடுவாரு,” என்றார் அவர்.

காலை நீட்ட வசதியாக முன்சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தேன். கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் டர்போ விசில் அடிக்கிறது, அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு விறைக்கிறது. அதற்குப் பிறகு விசில் வராத வேகத்திலேயே ஓட்டினேன். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

வல்லத்தை நெருங்கும்போது அவரே சொன்னார்: “கொஞ்சம் வேகமாப் போனாலும் பரவால்ல தம்பி. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. வேகமாகப் போக மட்டும் கால் வரவில்லை.

காரை நான் விற்றுவிடவில்லை. பைத்தியமும் தெளியவில்லை. கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்லி ஊருக்குள் ஓட்டத் தோதாக வேகத்தைக் குறைத்து எழுதி வாங்கிக்கொண்டேன். ஆசை வந்தால் சென்னைப் பக்கம் பந்தயத் தடத்துக்குப் போய்த் தீர்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த மனிதர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன். திட்டாமல் நின்று முடித்துக் கொடுத்ததால்தான், ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவனாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.